பைன்சா மேல் நின்றவன்

வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவன். வேலையிலும் எனக்கு மேலே இருந்தவன். முறைப்படி 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். மூத்தவர்கள் மற்ற எல்லோரையும் அப்படித்தான் எழுதிவருகிறேன். இந்த ஒருவனை மட்டும் 'அவன்' என்றே எழுதப்போகிறேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் கோபம் தணியவில்லையா என்று என் மனைவியே கேட்டுவிட்டாள். தணிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

போர்ட் பிளேரில் வளைகுடா ஓரமாக ஒரு படகுப் பட்டறை. கப்பல் கப்பலாக ஆட்கள் தீவில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. வங்காளிகள் நிலத்துக்கு வந்தார்கள். ராஞ்சிக்காரர்கள் காடு வெட்ட வந்தார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர்களிலிருந்து வந்த நாங்கள் பட்டறையில் கலாசிகளாகச் சேர்ந்தோம். எஞ்சின், நங்கூரம், முழு மரம் என்று கனமான எதையும் கயிறும் தோளும் கொண்டு நகர்த்துகிறவர்கள் கலாசிகள். எனக்கு மரவேலை தெரியும் என்பதால் தச்சனாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் எல்லோருக்கும் மேலே நின்று வேலை வாங்குகிறவனுக்கு டிண்டல் என்று பெயர். நான் சொல்ல வந்த ஆள் அந்த டிண்டல்தான்.

எங்கள் வேலை எல்லாமே தற்காலிகம். யார் பட்டறையில் இருப்பது, யார் நடு அந்தமான் காட்டு முகாமுக்குப் போய் மரம் இழுப்பது என்பதை மேலதிகாரிகள் டிண்டலைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். முகாமுக்குப் போனவன் மழைக்காலம் முழுவதும் அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் கிடப்பான். அதனால் டிண்டல் எதிரில் யாரும் வாய் திறப்பதில்லை.

அவனும் எங்கள் கரைக்காரன்தான். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள்மேல் ஏறி உட்கார்ந்தான். "எங்க அப்பாவுக்குப் பத்து வள்ளம்லே. நான் நடக்கப் பழகினதே வள்ளம் தள்ளித்தான். நீங்கள்லாம் எனக்குக் கடலச் சொல்லித் தாரியளோ?" என்பான். வாயில் எப்போதும் வெற்றிலை. தீவில் பாக்குக்குப் பஞ்சம் கிடையாது.

பட்டறைக்கு எஞ்சினீயராக வந்தவர் கல்கத்தாக்காரர். அவரை சாகிப் என்போம். இளமையில் ரக்பி ஆடியவர். எப்போதாவது கடற்படைக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் வந்து நிற்கும். அதன் மாலுமிகளோடு ஆட நம் பட்டறையிலிருந்து ஓர் அணி வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஓடுவதற்கு வங்காளிப் பையன்களையும் தெலுங்குப் பையன்களையும் பொறுக்கி எடுத்தார். தள்ளுவதற்கு எங்களை எடுத்தார்.

ரக்பியில் தள்ளுவது என்று ஒரு காரியம் உண்டு. அதை ஸ்க்ரம் என்பார்கள். எட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் கைபோட்டுக் குனிந்து ஒரே உடம்பாக நிற்பார்கள். எதிரணியின் எட்டுப் பேரும் அப்படியே வந்து தலைகோப்பார்கள். இருவருக்கும் நடுவே பந்தை உருட்டுவார்கள். முன்வரிசையில் மூன்று பேர். அவர்களில் நடு ஆளின் வேலை பந்தைக் குதிகாலால் பின்னுக்கு இழுப்பது. அவனுடைய இரண்டு கைகளும் பக்கத்து ஆட்களின் தோள்மேல் கிடக்கும். நிற்கிறான் என்பதைவிட அவர்கள்மேல் தொங்குகிறான் என்பது சரி. நான் ஒல்லி, கால் வேகம் உள்ளவன் என்று என்னை நடு ஆளாகப் போட்டார்கள்.

தலைகோக்க எதிரணி இல்லாத ஊரில் யாரைத் தள்ளிப் பழகுவது? அதற்கு ஒரு சாதனம் உண்டு என்று சாகிப் படம் போட்டுக் காட்டினார். நான் செய்தேன். அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகள். கர்ஜன் மரம், முனை மேல்நோக்கிச் செதுக்கியது. அவற்றின்மேல் குறுக்குச் சட்டம், பலகைத் தளம். தளத்தின் முன்விளிம்பில் படாக் மரத்தில் நான்கு நிலைக்கால்கள், அவற்றுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிச் சட்டம். ஒவ்வொரு காலிலும் குனிந்த ஆளின் தோள் உயரத்துக்கு ஒரு திண்டு. உள்ளே தேங்காய் நார், மேலே பழைய பாய்த்துணி. நான்கு திண்டுக்கு நடுவே மூன்று இடைவெளி. முன்வரிசை மூவரும் அந்த இடைவெளிகளில் தலையைக் கொடுத்துத் தோளால் திண்டை முட்டித் தள்ள வேண்டும். தளத்தில் ஏற்றும் பாரத்தைப் பொறுத்துத் தள்ளுவது கடினமாகும். ராஞ்சிக்காரர் ஒருவர் அதைப் பார்த்ததும் "பைன்சா!" என்றார். எருமைக்கடா. தலையைத் தாழ்த்தி முட்ட வருவதுபோலத்தான் இருந்தது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சாகிப்பும் கடைசியில் பைன்சா என்றே சொன்னார்.

முதல் நாளே தகராறு. சாகிப் விசில் ஊதினார். ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினோம். பைன்சா அசையவில்லை.

"விசிலுக்கு எவம்லே தள்ளுவான்? பாட்டு வேணும்லா?" என்றான் என் இடது தோள்காரன். எப்போதும் கேலி பேசுகிறவன், எனக்கு நல்ல சிநேகிதன். அவனே குனிந்தபடி ஏலேலோ சொன்னான். நாங்கள் ஐலசாவில் தோள் கொடுத்தோம். பைன்சா வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. நகர்ந்த அதே கணத்தில் எட்டுப் பேரும் கையை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றோம்.

சாகிப் தொப்பியைத் தரையில் அடித்தார். "சோடா க்யூன்? ஏன் விட்டீங்க? இப்பத்தானே நகருது!"

எங்கள் கரையில் விடியற்காலையில் வள்ளம் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வள்ளத்தின் பின்பக்கத்தை அமரம் என்போம். அங்கே ஆட்கள் தோள் கொடுப்பார்கள். வள்ளம் மணலை விட்டுத் தண்ணீரைப் பிடிக்கும்போது தோளில் கனம் சட்டென்று குறையும். அந்தக் கணத்தில் கையை எடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் அடுத்த அலை வள்ளத்தைத் தூக்கி நெஞ்சில் போடும். அப்படி விலா ஒடிந்து செத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 'கனம் விட்டா கை விடு' என்பது எங்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததல்ல. உடம்பில் ஏறிய பழக்கம். ரக்பியிலோ கனம் குறையும்போதுதான் இன்னும் மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டுமாம். இதையெல்லாம் சாகிப்புக்கு விளக்குகிற அளவு இந்தி எங்கள் யாரிடமும் இல்லை.

யார் முதலில் கையை விடுகிறான் என்று பார்க்க ஒருவர் மேலே நிற்கட்டும், பாரமும் ஆயிற்று என்று சாகிப் டிண்டலை பைன்சா மேல் ஏற்றிவிட்டார். அவன் கைப்பிடிச் சட்டத்தில் வயிற்றைச் சாய்த்து, எங்களைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு நேர் கீழே, நடு இடைவெளியில், என் தலை.

இரண்டாம் தள்ளலில் என் பிடரியில் வெதுவெதுப்பாக ஏதோ விழுந்து முதுகுத்தண்டு வழியே இறங்கியது. வெற்றிலைச் சாறு. சட்டை போடாமல் பனியனோடு தள்ளுவோம். பனியன் சிவந்துவிட்டது. கைகள் இரண்டும் பக்கத்து ஆட்களின் தோளில் மாட்டியிருந்தன. துடைக்க முடியாது. நிமிரவும் முடியாது.

மேலிருந்து சிரிப்புக் கேட்டது. "மழலே மக்கா, மழ! தள்ளு, தள்ளு!"

அன்று அது தவறி விழுந்தது என்று வைத்துக்கொண்டேன். மறுநாளும் விழுந்தது. அதற்கடுத்த நாள் துப்புவதற்கு முன்பு அவன் வாயைக் குவிக்கும் சத்தம்கூட எனக்குப் பழகிவிட்டது. என் வலது தோள்காரன் பொறுக்க முடியாமல் நிமிர்ந்து, "அண்ணாச்சி, அந்தப் பக்கமாத் துப்புங்க. மனுசன் முதுகுல்லா இது" என்றான். டிண்டல் அவனைப் பார்த்துச் சிரித்தான். அந்த வாரமே வலது தோள்காரனைக் காட்டு முகாமுக்கு அனுப்பினார்கள். அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தான். அதன்பின் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. ஊருக்குள்ளேயே ஜங்லிகாட் என்ற பகுதியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். வரிசை முழுமைக்கும் ஒரே குழாய். என் மனைவி பனியனை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன கறை இது? வெத்தல போட ஆரம்பிச்சிட்டியளோ?"

"படாக் தூள்" என்றேன். படாக் மரத்தை அறுத்தால் தூள் சிவப்பாகப் பறக்கும். பட்டறையில் யார் துணியைப் பார்த்தாலும் அந்தச் சிவப்பு இருக்கும்.

"படாக்குக்குச் சுண்ணாம்பு வாட அடிக்குமோ?" என்றாள். மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் மறுநாள் மாலை பக்கத்து வீட்டுப் பெண்ணோடு, நாங்கள் தள்ளிப் பழகும் மைதானத்துக்கு வந்துவிட்டாள். நான் குனிந்திருந்ததால் அவளைப் பார்க்கவில்லை. அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போனபோது சாப்பாடு போட்டாள். காலையில் பார்த்தால் பனியன் மட்டும் வாசற்கல்லில் தனியாகக் கிடந்தது. மற்ற துணியெல்லாம் துவைத்துக் கொடியில் இருந்தது.

"ஒங்க வேர்வைய எத்தன நாளு வேணும்னாலும் தொவைப்பேன்" என்றாள். "அவன் எச்சிலத் தொவைக்கிறதுக்கு நான் ஒங்களக் கட்டிட்டு வரல. நீங்களே தொவைச்சுக்கிடுங்க."

துவைத்தேன். தினமும் மாலையில், குழாயடியில், குடத்தோடு காத்திருக்கிற பெண்கள் எதிரில் உட்கார்ந்து துவைத்தேன். சிவப்புத் தண்ணீர் ஓடி வருவதைப் பார்த்து ஒரு வங்காளி அம்மா தன் குடத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். அந்த அம்மாமேல் எனக்குக் கோபமில்லை. எச்சில் என்று தெரிந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். என் மனைவி கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அந்தக் குழாயடியில்தான் முடிவு செய்தேன். அவனை அடிப்பதோ திட்டுவதோ எனக்குப் போதாது. அவன் பைன்சாவிலிருந்து கீழே இறங்க வேண்டும். என் இடத்தில், நடு இடைவெளியில், கழுத்தை நீட்ட வேண்டும். நான் மேலே நிற்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எப்படி என்று தெரியாமல் இருந்தது. வழியை அவனே காட்டினான்.

நாங்கள் ஒருவாறு பழக்கத்தை மாற்றிக்கொண்டு, நகர்ந்த பிறகும் விடாமல் தள்ளக் கற்றிருந்தோம். ஒரு நாள் நல்ல மழை. புல் வழுக்கியது. பைன்சா எதிர்பாராமல் சட்டென்று நகர்ந்தது. உடனே எட்டுப் பேர் உடம்பும் பழைய ஞாபகத்தில் ஒதுங்கிவிட்டது. டிண்டல் மேலே நின்று கத்தினான்.

"மூதேவியளா! நவுரும்போதுதானலே இன்னும் தள்ளணும்? கைய விடச் சொல்லி எவம்லே ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தான்? சோம்பேறிப் பயலுவளா!"

சாகிப் கேட்டால் நியாயம். ராஞ்சிக்காரரோ வங்காளியோ கேட்டால் நியாயம். எங்கள் கரையில் ஒரே ஒரு நாள் வள்ளத்துக்குத் தோள் கொடுத்தவன் இதைக் கேட்கவே மாட்டான். நான் இடது தோள்காரனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். மழையில் அவன் மீசை மெல்ல விரிந்தது.

"பத்து வள்ளமும் நெசந்தாம்லே" என்றான் மெதுவாக. "அது பத்துலயும் இவன் ஏறி உக்காந்துதான் போயிருக்கான்."

அப்போதுதான் எனக்கு மற்றதும் பிடிபட்டது. பைன்சா நகரும்போதெல்லாம் மேலே அவன் முழங்காலை மடக்கிக் காலை அகட்டிக்கொள்வான். அது தள்ளுகிறவன் உடம்பல்ல. மற்றவர்கள் தள்ளிவிட, அமரத்தில் நின்றபடி கடலுக்குள் போகும் முதலாளி மகனின் உடம்பு.

சில நாள் கழித்துப் பட்டறையில் மரம் செதுக்கும் வாய்ச்சி நழுவி என் பாதத்தில் பட்டது. சின்னக் காயம். நான் பெரிய கட்டாகக் கட்டிக்கொண்டு, நொண்டியபடி சாகிப்பிடம் போனேன். நடு ஆளுக்குக் கால்தான் வேலை, என்னால் ஆகாது என்றேன். அவர் கவலைப்பட்டார். கப்பல் வரப்போகிறது என்று அப்போது பேச்சு இருந்தது. "பிர் கோன்? வேற யார் இருக்கா?" என்றார்.

தெரிந்த இந்தியில் நிதானமாகச் சொன்னேன். டிண்டல் இருக்கிறார். நடக்கப் பழகியதே படகு தள்ளித்தான் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். எடையும் எங்கள் எல்லோரையும்விட அதிகம். மேலே மணல் மூட்டை போட்டுக்கொள்ளலாம். பாட்டுச் சொல்ல நான் ஏறி நிற்கிறேன்.

"அரே வா!" என்று மேசையைத் தட்டினார் சாகிப். "பெஹலே க்யூன் நஹி போலா? இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

டிண்டலை அங்கேயே கூப்பிட்டார். அவன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

"நானா சாகிப்? மேல வெயிட்டு வேணும்லா…"

"மூட்ட இருக்கு அண்ணாச்சி" என்றேன். "மூட்டைக்கு ஒங்க தோளு வருமா?"

வாசலில் நின்ற இடது தோள்காரன் சேர்ந்துகொண்டான். "பத்து வள்ளத்துக்காரக மவன் நடுவுல நின்னாத்தான நமக்கு மதிப்பு. நாங்க ஒங்கள்ட்டத் தள்ளக் கத்துக்கிடுதோம் அண்ணாச்சி."

மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால், தள்ளத் தெரியாது என்று சொல்ல வேண்டும். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் மதியம் பைன்சாவைக் கவிழ்த்துப்போட்டு, சறுக்குக் கட்டைகளுக்குக் கொழுப்புப் பூசினேன். படகைச் சாய்தளத்தில் இறக்கும்போது பூசுகிற அதே கொழுப்பு. அன்றைக்கு என்ன செய்வது என்பதை இடது தோள்காரனிடம் மட்டும் சொன்னேன். அவன் மற்ற ஆறு பேரிடமும் சொன்னான். நீண்ட பேச்சுத் தேவைப்படவில்லை. அவர்கள் முதுகிலும் துளி விழுந்திருக்கிறது.

அன்று மாலை மைதான ஓரத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். டிண்டலே தள்ள இறங்குகிறான் என்று செய்தி ஜங்லிகாட் வரை போயிருந்தது. என் மனைவியும் வந்து நின்றாள். நான் பைன்சாவை வளைகுடாப் பக்கம், சரிவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். மணல் மூட்டைகளை அடுக்கினேன். ஏறி நின்று கைப்பிடியைப் பிடித்தேன். டிண்டல் வந்து நடு இடைவெளியில் தலையைக் கொடுத்தான். சற்றுப் பருத்த கழுத்து. வெயில் படாமல் காதுக்குப் பின்னால் வெளுத்திருந்தது. இரண்டு கைகளையும் பக்கத்து ஆட்களின் தோளில் போட்டுக்கொண்டான். பின்வரிசை வந்து முட்டியது.

இடது தோள்காரன் தலையை நிமிர்த்தாமல் கேட்டான். "வெத்தல மடிச்சுக் கொண்டாந்திருக்கேன். வேணுமாலே?"

வேண்டாம் என்றேன். நான் நல்லவன் என்பதால் அல்ல. துப்பினால் அவன் செய்ததை நானும் செய்தேன், கணக்குச் சரி என்று ஊர் சொல்லிவிடும். எனக்குச் சரியாக வேண்டியதில்லை. அதிகமாக வேண்டியிருந்தது.

ஏலேலோ சொன்னேன். ஐலசாவுக்கு எட்டுத் தோளும் இறங்கின. கொழுப்புப் பூசிய கட்டை ஈரப்புல்லில் எண்ணெயில் விட்டதுபோல் புறப்பட்டது. கனம் விட்டது. ஏழு பேரும் கையை விட்டு ஒதுங்கினார்கள்.

அவன் மட்டும் முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்தான். தோளைத் தாங்கிய திண்டு முன்னால் போய்விட்டது. கைகளைத் தாங்கிய தோள்கள் இரண்டும் விலகிவிட்டன. ஊன்றிக்கொள்ளக் கையை இழுப்பதற்குள் விரித்த கைகளோடு முகம் குப்புற விழுந்தான். நான் பைன்சா மேல் நின்றபடி சரிவில் வழுக்கிப் போய்க்கொண்டே அதைப் பார்த்தேன். சேற்றில் விழும் சத்தம் ஒரு கணம் தாமதமாகக் கேட்டதுபோல் இருந்தது.

முதலில் சிரித்தது வங்காளிப் பையன்கள். பிறகு தெலுங்கர்கள். பிறகு பெண்கள். அவன் எழுந்தபோது உதடு கிழிந்திருந்தது, வாய் நிறையச் சேறு. "ஏம்லே விட்டிய?" என்று கத்தினான்.

இடது தோள்காரன் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான். "கனம் விட்டா கை விடணும்லா அண்ணாச்சி? ஒங்க அப்பா வள்ளத்துல எப்படித் தள்ளுவிய?"

எங்கள் கரைக்காரர் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். எல்லோருக்கும் அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. சாகிப் எங்களைத்தான் திட்டினார். பழைய பழக்கம் மறுபடி வந்துவிட்டது சாகிப், இனி வராது என்று மன்னிப்புக் கேட்டோம். அவர் டிண்டலின் தோளைத் தட்டி, "முதல் நாள் எல்லாரும் விழறதுதான், நாளைக்கும் வா" என்றார். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன்.

அன்றிரவு என் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். நிறுத்தவில்லை.

தள்ளும் பாட்டைச் சொல்கிறவன் நான். கடைசி ஐலசா வரும்வரை எட்டுப் பேரும் குனிந்து, தோள் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் கடைசி எப்போது வரும் என்பது என் வாயில் இருந்தது. நான் நீட்டினேன். வள்ளம் தள்ளுகிறவர்களே பாட்டின் அடிகளைக் கட்டிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம்.

*மேல நின்னவரு – ஏலேலோ*
*கீழ வந்தாரு – ஏலேலோ*
*பத்து வள்ளமாம் – ஏலேலோ*
*பாதம் நனையலயாம் – ஏலேலோ*

ஒவ்வொரு நாளும் புது அடிகள் சேர்த்தேன். பட்டறையில் இழைப்புளி தள்ளும்போதே யோசித்து வைத்துக்கொள்வேன். சாகிப்புக்கு எங்கள் மொழி தெரியாது. நீண்ட நேரம் குனிந்து நிற்பது கழுத்துக்கு நல்ல பயிற்சி என்று பாராட்டினார். நடு ஆளின் கழுத்தில்தான் எல்லாம் வந்து இறங்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கும் வலிக்கத்தான் செய்தது.

"எங்க கழுத்தும் போவுதுலே, பாவி" என்பான் இடது தோள்காரன். அடுத்த மூச்சில், "போட்டும். நீ பாடு" என்பான்.

ஒரு மாலை டிண்டல் என் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொல்லவில்லை.

"தம்பி, நாளையிலேருந்து பைன்சா மேல மூட்டைய மட்டும் வச்சாப் போதும், பாட்டு வேண்டாம்னு சாகிப்கிட்ட நீ சொல்லு. ஒன் பேச்சக் கேக்காரு."

"ஏன் அண்ணாச்சி?"

"கழுத்து திரும்ப மாட்டேங்குலே. படுக்க முடியல."

"எனக்கும் அப்படித்தான் இருந்திச்சி."

"நீ சின்னப் பய. ஒனக்குத் தாங்கும்."

உள்ளே மீன் அரிந்துகொண்டிருந்த என் மனைவியின் குரல் வந்தது. "வலிக்கிற கழுத்துக்கு வெந்நி ஊத்தலாம். எச்சி ஒழுவுன கழுத்துக்கு என்னத்த ஊத்தன்னு கேளுங்க."

அவனுக்குப் புரியவில்லை. "என்ன சொல்லுது அந்தப் புள்ள?"

அவன் நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். நடிப்பில்லை. "நீங்க மேல நின்னப்ப என் முதுகுல துப்புனதச் சொல்லுதா" என்றேன்.

யோசித்துப் பார்த்தான். மெல்ல அவனுக்கு ஞாபகம் வந்தது. வந்ததும் சிரித்தான். கிழிந்த உதடு இழுத்ததால் பாதிச் சிரிப்போடு நின்றது. "அதுக்காலே இம்புட்டும்? அது வெளையாட்டுல்லா! வெத்தல போட்டவன் எங்கயாவது துப்பத்தான செய்யணும்?"

நான் பனியனோடு குழாயடியில் உட்கார்ந்திருந்த மாலைகள் எல்லாம் அவனுக்கு அந்த 'எங்கயாவது'. வலது தோள்காரன் காட்டில் காய்ச்சலில் கிடந்ததும் 'எங்கயாவது'. அதுவரை எனக்கிருந்த கோபம் சின்னது என்று அந்த வாசலில் நின்றபோது தெரிந்தது.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்றேன். "நேரத்தோட வாங்க."

மறுநாள் வந்தான். வராமல் இருக்க முடியாது, சாகிப்பின் உத்தரவு. நடு இடைவெளியில் தலையைக் கொடுத்தான். நான் அன்று முதல் அடியிலேயே எச்சிலைப் பற்றிப் பாடினேன். யாருடைய எச்சில், யார் முதுகில், எத்தனை மாலை என்று ஒன்றுவிடாமல் வரிசையாகப் பாடினேன். மைதான ஓரத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பாட்டு நீண்டது. எட்டு முதுகும் நடுங்க ஆரம்பித்தன.

கீழேயிருந்து அவன் குரல் வந்தது. திண்டுகளுக்கு நடுவே அமுங்கி வந்தாலும் தெளிவாகவே வந்தது.

"தம்பி… தப்புத்தான். நான் செஞ்சது தப்புத்தான். விட்டிருலே. முடியல."

எல்லோருக்கும் கேட்டது. இடது தோள்காரன் தலையை லேசாகத் திருப்பி, கண்ணை மேலே உயர்த்தி என்னைப் பார்த்தான். அதில் கேலி இல்லை. "கேட்டுட்டாம்லா. முடிச்சிரு" என்றான்.

நான் பாட்டை முதல் அடியிலிருந்து மறுபடி எடுத்தேன்.

டிண்டல் எழுதிக் கேட்டு பாராடாங் தீவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். கழுத்தைத் திருப்பாமல், உடம்போடு திரும்பிப் பார்க்கிற ஆளாகப் போனான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கப்பல் வந்தது, ஆட்டம் நடந்தது, தோற்றோம். வலது தோள்காரன் முகாமிலிருந்து திரும்பி வந்து எங்களோடு ஆடினான். நான் கால் ஆறி மறுபடி நடு ஆளாக நின்றேன்.

வருஷந்தோறும் தவக்காலத்தில் மாதா கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். முந்தின நாளே உட்கார்ந்து, சொல்ல வேண்டியவற்றை மனதில் வரிசைப்படுத்திக்கொள்வேன். கோபம், பொய், பொறாமை, தவறவிட்ட பூசைகள் எல்லாம் இருக்கும். மனஸ்தாபம், அதாவது செய்ததற்கு உள்ளபடியான வருத்தம், இல்லாமல் ஒரு பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது இன்னொரு பாவம் என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். ஆகவே அந்தப் பாட்டை மட்டும் சாமியாரிடம் சொன்னதில்லை. வருத்தம் வந்தால் சொல்வேன். இந்த ஆண்டும் வரவில்லை.